சிலிர்ப்பு சான்றாகுமா?

மார்கழி விடியலில் திருவில்லிபுத்தூர்த் தெருக்களில் திருப்பாவை ஒலிக்கிறது. கேட்பவர் உடல் சிலிர்க்கிறது, கண் கசிகிறது. உடனே, "ஆண்டாள் அருள் இறங்கிற்று, இனியுமா ஐயம்?" என்று கேட்கின்றனர் பக்தர்கள். தோழர்களே! சிலிர்த்தது உண்மை. நம் உடலுந்தான் சிலிர்க்கிறது. ஆனால், சிலிர்த்ததனாலேயே தெய்வம் வந்து நின்றது என்பது எந்த அளவை நூலின் முடிபு? குளிரிலும் மயிர் நிமிர்கிறது, அச்சத்திலும் நிமிர்கிறது. மார்கழிக் குளத்தில் இறங்கியவனுக்கெல்லாம் அருள் கிடைத்ததென்று எவரும் கணக்கெழுதுவதில்லையே!

மயிர்க்காலின் அடியில் நுண்ணிய தசையொன்று உண்டு. நம் விருப்புக்குக் கட்டுப்படாத நரம்பு தூண்ட, அது சுருங்குகிறது, மயிர் எழுகிறது. உடல் முழுதும் மயிர் போர்த்த விலங்குக்கு அது குளிர் காக்கும் போர்வை. பகையை மிரட்டும் கோலம். நமக்கோ, முன்னோர் விட்டுச்சென்ற எச்சம்.

அந்நரம்பைக் கவிதை எவ்வாறு தொடுகிறது? ஜெர்மானிய நாட்டு மாக்ஸ் பிளாங்க் அழகியல் ஆய்வு நிலையத்து அறிஞர்கள் 2017இல் விடை கூறினர். கவிதை கேட்போரின் நெஞ்சத் துடிப்பையும், தோலின் மின்கடத்தலையும், முகத்தசையின் அசைவையும் கருவிகள் அளந்தன. சிலிர்த்த தோலைப் படக்கருவி பதிவு செய்தது. சிலிர்ப்பு எழுமுன்னரே, இன்பத்தை எதிர்நோக்கும் அக்கம்பென்ஸ் என்னும் மூளைப்பகுதி விழித்துக்கொள்கிறதாம். சிலிர்க்கும் கணத்தில், புருவத்தைச் சுளிக்கும் தசையும் இயங்குகிறது. துயரும் இன்பமும் ஒருங்கே! அடியின் இறுதியிலும் பாட்டின் இறுதியிலுமே சிலிர்ப்பு மிகுதி என்றும் கண்டனர். அங்கே கருவறை இல்லை, கற்பூரம் இல்லை; ஆய்வுக்கூடம் இருந்தது, அவ்வளவே.

இப்போது திருப்பாவையைப் பாருங்கள். முப்பது பாசுரங்களும் ஒரே சொல்லில் முடிகின்றன. நான்கைந்து பாசுரம் கேட்டவன் செவி, அந்த முடிவை முன்கூட்டியே எதிர்நோக்கித் தவிக்கிறது. எதிர்பார்த்தது வந்து பொருந்தும்போது உடல் பேசுகிறது. எதுகையும் மோனையும் வழிநெடுகச் செய்வது இதே வேலையைத்தான். இந்த நுட்பத்தை அறிந்து கையாண்டவள் ஒரு பெண். புகழை அவள் புலமைக்குத் தராமல் அருளின் கணக்கில் வரவு வைப்பது எத்தகைய நன்றி? உள்ளத்து உணர்ச்சி மெய்யில் படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, நகை முதல் உவகை வரை எட்டாக வகுத்து ஓர் இயலே எழுதியது தொல்காப்பியம். மெய் என்றால் உடல், தோழர்களே! அங்கே அருளைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கவில்லை.

சிலிர்ப்பைச் சான்றாக்குவோர், அடுத்து மனப்புண்ணையும் சான்றாக்குவர். 2018 சனவரி 7ஆம் நாள் இராசபாளையத்தில் "தமிழை ஆண்டாள்" என்று உரையாற்றினார் வைரமுத்து. ஆண்டாளின் தமிழைப் போற்றிய உரை அது. அவள் வாழ்வு குறித்து ஓர் ஆய்வுக் கருத்தையும் எடுத்துக்காட்டியது. எழுந்தது புயல்! அவர் வருத்தம் தெரிவித்தார், போதவில்லை. திருவில்லிபுத்தூர் சந்நிதிக்கே வந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று ஜீயர் உண்ணாநோன்பு இருந்தார். வைரமுத்துவுக்காக வாதாட நான் வரவில்லை. எடுத்துக்காட்டு பிழையானால், ஆதாரம் காட்டி அதை வீழ்த்தியிருக்கலாம். அதற்குக் கல்வெட்டு உண்டு, ஏடு உண்டு, புலவர் உண்டு. "எங்கள் மனம் புண்பட்டது" என்பது புண்பட்டதற்குச் சான்று. ஆண்டாளின் வரலாற்றுக்கு எப்படிச் சான்றாகும்?

நம்மவர்க்கும் ஒரு சொல். பாசுரம் கேட்டால் கொள்கை கறைபடும் என்று காதைப் பொத்திக்கொள்ளும் இளைஞர் சிலர் நம்மிடையே உண்டு. 1943இல் கம்பராமாயணம் பற்றி அண்ணாவும் சேதுப்பிள்ளையும் எதிரெதிர் நின்று வாதிட்ட மேடை நினைவிருக்கட்டும். காதைப் பொத்திக்கொண்டவர் எவரும் அங்கே வென்றிருக்க முடியாது. படித்தவர்கள் மோதிய மேடை அது. கவிச்சுவை கருத்தையும் உடன் கடத்திவரும் என்ற அச்சம் பொய்யன்று. உண்மையைப் பாடினாலும் பொய்யைப் பாடினாலும், பாட்டு நன்றாயிருந்தால் நரம்பு சிலிர்க்கும். அது பொருளை நிறுத்துப் பார்ப்பதில்லை. நிறுப்பது அறிவின் வேலை. அதற்காக நரம்பை அறுத்தெறிய வேண்டுமா?

"ஆண்டாள் பாட்டுக்கு நெகிழ்ந்தால் பகுத்தறிவு போய்விடுமா, ஐயா?" என்று என் வகுப்பு மாணவன் கேட்டான். எந்தச் சொல்லில் சிலிர்த்தாய், அதற்கு முந்தைய அடியில் எதை எதிர்பார்த்துக் காத்திருந்தாய் என்று எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.