தேறிய இதயமும் நிறுத்திய மாத்திரைகளும்

இரண்டு மாதங்களுக்கு முன்பு, ஓர் இரவு, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார்கள். படுக்க இயலாமல், உட்கார்ந்தபடியே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். கால்கள் முழங்கால்வரை வீங்கியிருந்தன. இதயச் செயலிழப்புக்கு ஓராண்டாக என்னிடம் சிகிச்சை பெறுபவர். அதற்கு முந்தைய முறை வந்தபோது, இரண்டு மாடி ஏறியே வந்ததாகப் பெருமையுடன் சொன்னவர். எக்கோ அறிக்கையில் இ.எஃப். எனக் குறிக்கப்படும் இதயத்தின் வெளியேற்றும் திறன் 25 சதவீதத்திலிருந்து 45 ஆக உயர்ந்திருந்தது. "இதயம் நன்றாகத் தேறிவிட்டது ஐயா" என்று நானும் மகிழ்ந்து சொன்னேன்.

அந்தச் சொல்லை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். ஐந்து மாத்திரைகளில் நான்கை நிறுத்திவிட்டார். 'நீர் மாத்திரை' ஒன்றை மட்டும் விடவில்லை. "அதுதான் சார், போட்டவுடன் வேலை செய்வது தெரிகிறது" என்றார்.

அவர் சொன்னது உண்மையே. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரைகள் உடலில் தேங்கிய உப்பையும் நீரையும் சில மணி நேரத்தில் வெளியேற்றுகின்றன. வீக்கம் வடிகிறது, மூச்சு இலகுவாகிறது. ஆனால், வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தை இறைத்து ஊற்றும் வேலை அது. உடைந்த கரையை அது அடைப்பதில்லை.

கரையை அடைப்பவை மற்ற நான்கும். இதயம் பலவீனமடையும்போது, இரத்தம் இழந்துவிட்டதாக உடல் தவறாகக் கணக்கிடுகிறது. அட்ரினலின் போன்ற சுரப்புகளைக் கூட்டி இதயத்தை விரட்டுகிறது. உப்பைப் பிடித்து வைக்கிறது. சில மணி நேரத்திற்கு உதவும் இந்த ஏற்பாடு, மாதக்கணக்கில் நீடித்தால் இதயத் தசையையே அரிக்கிறது. அதைத் தடுக்கும் மருந்துகளின் பயனை எவரும் உடனே உணர முடியாது. பீட்டா பிளாக்கர் தொடங்கிய முதல் வாரங்களில் சிலருக்குக் களைப்புக்கூட ஏற்படும். அதனால்தான் சிறு அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துகிறோம். நான் மாணவனாக இருந்தபோது, நூலகத்திலிருந்த பழைய பாடநூல்களில் இதயச் செயலிழப்புக்கு இம்மருந்து ஆகாது என்றே இருந்தது. 1999இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில் பைசோப்ரோலால், மெட்டோப்ரோலால் மருந்துகள் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தன. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், தீவிர நோயாளிகளிடையே ஸ்பைரனோலாக்டோன் இறப்பை 30 சதவீதம் குறைத்தது.

சரி, நோய் தேறிய பிறகு நிறுத்தலாமே? இக்கேள்விக்கு லண்டனில் நடந்த ஆய்வு ஒன்று 2018இல் விடையளித்தது. இதயம் விரிந்து தளரும் நோயிலிருந்து மீண்டு, இ.எஃப். இயல்புக்குத் திரும்பிய 51 பேர் அதில் பங்கேற்றனர். நம் நடத்துநரைவிட நல்ல நிலையில் இருந்தவர்கள். மருத்துவக் கண்காணிப்பில் மருந்தைப் படிப்படியாக நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்திற்குள் நோய் திரும்பியது. தொடர்ந்து உட்கொண்டவர்களில் அந்த ஆறு மாதத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை.

நோயாளியின் அலட்சியம் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. நாங்கள் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயர், அளவு, வேளை எல்லாம் உண்டு. எதற்காக என்பது மட்டும் இல்லை. மருந்துக் கடையில் "இது பிரஷர் மாத்திரை, உங்களுக்குத்தான் பிரஷர் இல்லையே" என்கிறார்கள். டாபாகிளிஃப்ளோசினைப் பார்த்து, "சர்க்கரையே இல்லாதவருக்கு ஏன் சர்க்கரை மாத்திரை?" என்று வீட்டில் பதறுகிறார்கள். இரண்டும் நியாயமான ஐயங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே, அது ஏன் என்று தமிழில் ஒரு வரி எழுதித் தருவது மருத்துவரின் கடமை என்பது என் கருத்து. வெளிநோயாளர் பிரிவின் நெரிசலைக் காரணம் காட்டி நானும் பல ஆண்டுகள் அதைத் தவிர்த்தவன்தான்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்பேன். நிறுத்த நினைப்பதற்கு முன் காரணத்தை எங்களிடம் சொல்லுங்கள். செலவு தாங்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொள்கிறவர்கள் அதை மறைக்கிறார்கள். விலை குறைந்த மாற்று பெரும்பாலும் உண்டு. ஸ்பைரனோலாக்டோனால் ஆண்களுக்கு மார்பில் வலியோ வீக்கமோ வரலாம். கூச்சப்பட்டுச் சொல்லாமலே நிறுத்திவிடுவார்கள். அதற்கும் மாற்று மருந்து இருக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டால் சில மருந்துகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும்; அன்றே தொலைபேசியில் கேளுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். அவை உடலில் நீரைத் தேக்கும். பொட்டாசியம் கூடும் அபாயம் இருப்பதால், இளநீர் குடிப்பதைக்கூட எங்களிடம் கேட்டுச் செய்யுங்கள்.

நடத்துநர் ஒன்பது நாளில் வீடு திரும்பினார். மருந்துகளை மீண்டும் சிறு அளவிலிருந்து தொடங்கியிருக்கிறோம். சென்ற வாரம் எடுத்த எக்கோவில் இ.எஃப். 30. மருந்துச் சீட்டை நீட்டி, ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தை எழுதச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். இப்போதைக்கு லிஃப்டில்தான் வருகிறார்.