“ஏன் இப்படி இளைத்துவிட்டாய்?”

தாம்பரம் பக்கம் ஒருவர் திடீரென்று இளைத்துவிட்டால் ஊர் சும்மா இருக்காது. “உடம்புக்கு என்ன?” என்று கேட்கும். சர்க்கரையா, காசமா, வேறு ஏதாவதா என்று கண்ணாலேயே துருவிப் பார்க்கும்.

இதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1928-ம் ஆண்டில் டாக்டர் சௌரிமுத்து காச நோயாளிகளுக்காகத் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். அதுதான் தாம்பரம் சானடோரியம். பிறகு அது அரசாங்க ஆஸ்பத்திரி ஆயிற்று. பக்கத்து ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

காசத்துக்கு மருந்து கண்டுபிடிக்காத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் வைத்தியம். எடை ஏறினால் ஆள் பிழைத்துவிட்டான் என்று பொருள். எடை இறங்கினால் வீட்டார் முகம் வாடும். சதை பிடித்தால் சுகம், இளைத்தால் நோய் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் அப்படி ஊறிப்போயிற்று.

இப்போது காலம் தலைகீழாகிவிட்டது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2015-16-ல் தமிழ்நாட்டில் 100 பெண்களில் 31 பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். 2019-21-ல் அது 40 ஆயிற்று. ஆண்களில் 28 பேர் 37 பேர் ஆனார்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல் எல்லாம் இதன் பின்னாலேயே வருகின்றன.

எடையைக் குறைக்க ஆபரேஷன் செய்துகொள்வதும் பரவிவிட்டது. டெல்லித் தலைவர்கள் செய்துகொண்டார்கள். நிதின் கட்கரி 2011-ல் செய்துகொண்டார். அருண் ஜெட்லி நிதி மந்திரியாக இருந்தபோதே, 2014-ல் செய்துகொண்டார். இன்று புறநகரில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இது நடக்கிறது.

பம்மலில் நடந்தது

2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். பம்மலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எடை குறைப்பு ஆபரேஷனுக்காக ஓர் இளைஞர் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தார். உயிரோடு வீடு திரும்பவில்லை. பெற்றோர் கதறினார்கள். சுகாதாரத் துறை விசாரணை நடத்தியது. ஆஸ்பத்திரியின் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று.

பல நாள் இதே பேச்சுதான். பேச வேண்டிய பேச்சும்கூட. ஆபரேஷன் செய்யும் இடத்தில் அவசர சிகிச்சை வசதி இருக்கிறதா என்று அரசாங்கம் முன்கூட்டியே பார்க்க வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை.

ஆனால் இறந்தவரைப் பற்றி ஊர் பேசுகிறது. பிழைத்தவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நல்ல ஆஸ்பத்திரியில் செய்துகொள்வோரில் மிகப் பெரும்பாலோர் நலமாக வீடு திரும்புகிறார்கள். திரும்பிய பிறகு அவர்கள் படும் பாடு என்ன? அந்த வீடு அதற்குத் தயாராக இருக்கிறதா? கவலைக்குரிய கேள்வி இது.

அரை இட்லி

முதலில் ஆபரேஷன் என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. டாக்டர்கள் இதைப் பேரியாட்ரிக் ஆபரேஷன் என்கிறார்கள். ஒரு முறையில், இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். இன்னொரு முறையில், இரைப்பையின் மேற்பகுதியைச் சின்னப் பையாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். 1966-ல் அமெரிக்க டாக்டர் எட்வர்ட் மேசன் இந்த இரண்டாவது வழிக்கு அடிகோலினார்.

முதல் சில வாரம் கஞ்சி, மோர், பருப்புத் தண்ணீர் போன்ற நீராகாரம்தான். பிறகு குழைந்த சாப்பாடு. அதன் பிறகே வழக்கமான சாப்பாடு. அதுவும் எவ்வளவு? அரை இட்லியில் வயிறு நிறைந்துவிடும்! நாலு இட்லி சாப்பிட்டுப் பழகியவர் அரை இட்லியோடு கை கழுவுகிறார். அவசரமாக விழுங்கினால் நெஞ்சை அடைக்கும், வாந்தி வரும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். இனிப்பைத் தொட்டால் சிலருக்குப் படபடவென்று நெஞ்சு அடிக்கும், வேர்க்கும், தலை சுற்றும்.

இதையெல்லாம் நோயாளி தாங்கிக்கொள்வார். அம்மா தாங்குவாரா? அங்கேதான் சிக்கல்.

நம் வீடுகளில் அன்பு என்பது கரண்டியில்தான் வருகிறது. “இன்னும் ஒரு வாய்” என்று சொல்லாத தாய் இல்லை. மகன் தட்டை நகர்த்தினால் அவர் மனம் உடைகிறது. “ஆஸ்பத்திரிக்காரன் என் பிள்ளையை என்ன செய்துவிட்டான்?” என்று புலம்புகிறார். பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில் இலையில் பாதி மிச்சம் வைத்தால் அது மரியாதைக் குறைவு. யாருக்கு எதை விளக்குவது? மகன் விருந்துக்குப் போவதையே நிறுத்திவிடுகிறான்.

இதற்கு மருந்து சுலபமானது. பெரிய தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சின்னத் தட்டு போடலாம். சோற்றுக்கு முன்னால் முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் என்று புரதச் சத்து உள்ளதை முதலில் பரிமாறலாம். நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். கொஞ்சம் போதும், ஆனால் சத்தானது வேண்டும். இதைப் புரிந்துகொண்ட தாய்க்குக் கரண்டி பிடிக்கும் உரிமை போய்விடவில்லை.

சீப்பில் வரும் முடி

மூன்றாவது மாதம் தலைமுடி கொட்டத் தொடங்கும். சீப்பைப் பார்த்துப் பெண்கள் அழுதுவிடுகிறார்கள். எடை வேகமாக இறங்கும்போது இப்படி ஆவது உண்டு. சத்துக் குறைவு இல்லையென்றால் சில மாதத்தில் நின்று, மறுபடி வளரும். முன்பு புழுங்கியவருக்கு இப்போது குளிர் எடுக்கும். மின்விசிறியை நிறுத்து என்பார், வீட்டில் சண்டை வரும்!

தோல் விஷயம் அப்படி அல்ல. பல ஆண்டு விரிந்த தோல், உள்ளே சதை போனதும் வயிற்றிலும் கையிலும் தொடையிலும் தொங்குகிறது. சென்னை வெயிலில் மடிப்புக்குள் வேர்த்துப் புண்ணாகிறது. தானாகச் சரியாவது குறைவு. அதற்குத் தனி ஆபரேஷன் உண்டு. அதுவும் எடை நிலைத்து நின்ற பிறகே. இளைத்தால் சினிமா நட்சத்திரம் போல் ஆகிவிடலாம் என்று நினைத்தவர் கண்ணாடி முன் நின்று திகைக்கிறார். முன்கூட்டியே சொல்லியிருந்தால் இந்தத் திகைப்புப் பாதியாகக் குறைந்திருக்கும்.

வைட்டமின் பி12, இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். ரத்தப் பரிசோதனையும் தவறக் கூடாது. ஓயாமல் பல நாள் வாந்தி வந்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். அது வெறும் அஜீரணம் அல்ல. பி1 சத்து குறைந்து நரம்பையே கெடுத்துவிடும்.

ரயிலில் நிற்பவர்

உடம்பு இளைத்துவிட்டது. மனம்? அதற்குப் பழைய உடம்பே நினைவில் இருக்கிறது.

கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஒருவர் தாம்பரத்தில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கையில் இருவர் இருக்கிறார்கள். மூன்றாமவருக்கு இடம் இருக்கிறது. அவர் உட்காரவில்லை. கதவருகே நிற்கிறார். முன்பு அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார். நாற்பது கிலோ குறைந்த பிறகும் அந்தச் சுளிப்பு அவருக்குத் தெரிகிறது. துணிக்கடையிலும் பழைய அளவுச் சட்டையையே கேட்கிறார். இது பைத்தியம் அல்ல. கண் பார்த்ததை மனம் நம்ப நாளாகும்.

கோபமும் வரும். நேற்று வரை ஏறிட்டுப் பார்க்காத அண்டை வீட்டார் இன்று சிரித்துப் பேசுகிறார்கள். “அப்போது நான் மனுஷி இல்லையா?” என்று ஒரு பெண் உள்ளுக்குள் குமுறுவதில் என்ன தவறு? இன்னொரு பக்கம், “ஆபரேஷன் செய்துதானே இளைத்தாய்?” என்ற குத்தல். சோம்பேறிக்குக் குறுக்கு வழி என்று பேச்சு. நாளெல்லாம் பட்டினிக்கும் வாந்திக்கும் நடுவே வாழ்வது குறுக்கு வழியா?

சிலருக்குச் சாப்பாடுதான் துணையாக இருந்தது. கவலை வந்தால் பஜ்ஜி. தனிமை என்றால் பிரியாணி. இரவு வேலை முடிந்து வந்தால் பரோட்டா. அந்தத் துணையை ஆபரேஷன் பிடுங்கிக்கொண்டது. வேறு துணையைத் தரவில்லை. அந்த இடத்தில் சிலர் மதுவைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஆபத்து! குடலை இணைத்த ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம் மது குடித்தாலும் சட்டென்று ரத்தத்தில் ஏறிவிடும். இரண்டாம் ஆண்டில் குடி நோய் கூடுகிறது என்று அமெரிக்காவில் 2012-ல் கண்டு சொன்னார்கள்.

கணவன் மனைவிக்குள்ளும் இந்த மாற்றம் புகுகிறது. ஸ்வீடனில் 2018-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஆபரேஷனுக்குப் பிறகு தனியாக இருந்தவர்கள் துணை தேடிக்கொள்வது கூடியது என்றும், துணையோடு இருந்தவர்கள் பிரிவதும் கூடியது என்றும் சொல்லிற்று. அந்த நாட்டு வழக்கம் வேறு. ஆனாலும், புதுச் சேலை கட்டிய மனைவியைப் பார்த்து “யாருக்காக இந்த அலங்காரம்?” என்று கேட்கும் கணவன் இங்கே இல்லையா?

கல்யாணச் சந்தை

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பெண் பருமன் என்று தட்டிக் கழித்தால், பெற்றோர் பெண்ணை ஆபரேஷனுக்கு அழைத்துப் போகிறார்கள். மூன்று மாதத்தில் கல்யாணம், வெளியே மூச்சு விடாதே என்று கட்டளை வேறு!

இது பெரிய தவறு. ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது என்கிறார்கள் டாக்டர்கள். தாய்க்கே சத்துப் போதாத காலம் அது. கல்யாணம் ஆனவுடன் “விசேஷம் உண்டா?” என்று கேட்கும் மாமியாரிடம் அந்தப் பெண் என்ன சொல்வாள்? ரகசியம் காக்க வேண்டுமென்றால் மாத்திரையை எங்கே ஒளிப்பாள்?

ஆபரேஷன் நோய்க்குத்தான், ஜாதகத்துக்கு அல்ல. 2019-ல் இந்திய இன்சூரன்ஸ் ஆணையம், இந்தச் செலவை எப்போது ஏற்க வேண்டும் என்று விதித்தது. வயது 18 ஆகியிருக்க வேண்டும். 5 அடி 3 அங்குலம் உள்ளவர் என்றால் ஏறக்குறைய 102 கிலோ எடை வேண்டும். கடுமையான சர்க்கரை, இருதய நோய் போன்றவை இருந்தால் 90 கிலோ. டாக்டர் சங்கங்கள் 2022-ல் தங்கள் அளவைத் தளர்த்தி, ஆசியருக்கு இன்னும் குறைத்திருக்கின்றன. அப்போதும் டாக்டர் சொல்ல வேண்டுமே தவிர, தரகர் சொல்லக் கூடாது. 2025-ல் எடை குறைக்கும் புது ஊசிகளும் இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றுக்கும் இதே பேச்சுத்தான்.

இரண்டாம் ஆண்டு

அப்படியானால் ஆபரேஷனே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆய்வின் முடிவு 2007-ல் வந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே இறப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தது. பலருக்குச் சர்க்கரை மாத்திரையே குறைந்துபோகிறது. தேவை உள்ளவருக்கு இது உயிர் காக்கும் சிகிச்சை.

மனத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே இங்கே வழக்கு. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 8,815 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 111 பேர், தங்களைத் தாங்களே மாய்த்துக்கொள்ளவோ காயப்படுத்திக்கொள்ளவோ முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். நூற்றுக்கு ஒருவர் அளவுதான். ஆனால் ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததைவிட, பின்பு அத்தகைய சம்பவங்கள் பாதி மடங்கு கூடியிருந்தன. பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் ஆண்டில் நடந்தவை. 2016-ல் வெளிவந்த செய்தி இது.

ஏன் இரண்டாம் ஆண்டு? முதல் ஆண்டு கொண்டாட்டம். எடை இறங்க இறங்க எல்லாரும் பாராட்டுவார்கள். பிறகு எடை நின்றுவிடும். சிலருக்குக் கொஞ்சம் ஏறவும் செய்யும். பாராட்டியவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். டாக்டரைப் பார்ப்பதும் நின்றிருக்கும். கடன், வேலை, குடும்பக் கவலை மட்டும் அப்படியே இருக்கும்.

பம்மல் சம்பவத்துக்குப் பிறகு ஆபரேஷன் அறையைச் சோதிப்பதோடு அரசாங்கம் நின்றுவிடக் கூடாது. ஆபரேஷன் செய்யும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியும், நோயாளியை இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து பார்க்கிறதா என்று கேட்க வேண்டும். மனநல டாக்டர் உண்டா? கத்தி வைப்பதற்கு முன்பே தாயையும் கணவனையும் மனைவியையும் உட்கார வைத்து, தமிழில், நிதானமாகச் சொல்கிறார்களா? தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேச ஒரு கூடம் கொடுத்தால் செலவு என்ன ஆகிவிடும்?

வீட்டில் ஒருவர் இளைத்த பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டால், தூக்கம் கெட்டால், குடிக்கத் தொடங்கினால், “செத்தால் தேவலை” என்றால், அதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. ஆபரேஷன் செய்த டாக்டரிடமே மறுபடி அழைத்துப் போகலாம். 2022-ல் இந்திய அரசாங்கம் தொடங்கிய மனநல உதவித் தொலைபேசியும் இருக்கிறது. எண் 14416. கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம். நள்ளிரவிலும் எடுப்பார்கள்.