நிறை குறைக்கும் ஊசி யாருக்கு உரியது?

மருதனார்மடத்திலிருந்து ஒரு தாயார் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று வரைந்திருக்கிறார். மகளுக்கு ஆவணியில் விவாகம். புகைப்படத்தைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார், "பிள்ளை கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறா" என்றார்களாம். அன்று தொடக்கம் மகள் இராச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. ரொறன்ரோவிலுள்ள சின்னம்மா, நிறை குறைக்கும் ஊசி மருந்தை ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். "போடலாமா, கூடாதா?" என்பது தாயாரின் வினா. மகளின் உயரம் 160 சென்ரிமீற்றர், நிறை 57 கிலோ என்பதையும் மறவாது எழுதியிருக்கிறார். அதற்கு நன்றி, அவ்விரு எண்களும் இன்றேல் விடை கூறுதல் அரிது.

கிலோவிலுள்ள நிறையை மீற்றரிலுள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது உடற்றிணிவுச் சுட்டி. பாடசாலைப் பிள்ளைகள் ஒரு நிமிஷத்தில் செய்யக்கூடிய கணக்கு. 57ஐ 1.6ஆல் வகுத்து, வந்ததை மீண்டும் 1.6ஆல் வகுக்க 22.3 கிடைக்கும்.

சின்னம்மா குறிப்பிடும் மருந்து செமாகுளூட்டைட் ஆதல் வேண்டும். உணவு உட்கொண்டதும் நம் குடலில் ஊறும் ஒரு சுரப்பைப் போன்று அது தொழிற்படுகின்றது. வயிறு நிறைந்ததென மூளைக்கு உணர்த்தி, இரைப்பை வெறுமையாவதைத் தாமதிக்கின்றது. அமெரிக்காவில் 2017ல் சலரோகத்துக்கும், 2021ல் நிறைகுறைப்புக்கும் அனுமதி பெற்றது. வெறும் பகட்டன்று, 1,961 பேரைக் கொண்ட பரிசோதனையில், கிழமைக்கொரு ஊசியாக 68 கிழமை போட்டவர்கள் சராசரியாக நூற்றுக்குப் பதினைந்து பங்கு நிறை இழந்தனர். ஆனால் அப்பரிசோதனையில் யாரைச் சேர்த்தார்கள்? சுட்டி 30க்குக் குறையாதோரை. அன்றேல் 27க்குக் குறையாதிருந்து, இரத்த அழுத்தம் முதலிய உபாதை ஒன்றேனும் உடையோரை. அந்நாட்டில் மருந்து எழுதும் வரம்பும் அதுவே. கண்ணாடியும் கலியாணச் சேலையும் அவ்வரம்பினுள் இல்லை.

வெள்ளையர்க்கு வகுத்த எண் நமக்கும் பொருந்துமோ எனச் சிலர் வினவக்கூடும். நியாயமான வினா. 2004ல் 'லான்செற்' வைத்திய சஞ்சிகையில் இரு வைத்தியர்களின் படம் வெளிவந்தது. ஒருவர் புனே நகரத்து யாஜ்னிக். மற்றவர் இங்கிலாந்தின் யட்கின். இருவருக்கும் சுட்டி 22.3. கொழுப்பை அளந்தபோது யட்கினின் உடலில் நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்கின் உடலில் 21.2! மெலிந்த தோற்றத்தினுள்ளே கொழுப்பை ஒளித்துவைப்பது நம் இனத்தாரின் இயல்பு. ஆதலால் இங்கிலாந்தில் இம்மருந்தை எழுதும்போது தெற்காசியருக்கு வரம்பினை 2.5 குறைத்துக் கொள்கின்றனர். ஆசியர் 23லிருந்தே கவனமாயிருத்தல் நன்றென்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணரும் 2004ல் உரைத்தனர்.

எவ்வளவு குறைத்தாலும் மகள் அவ்வரம்புக்குள் வாரார். கூடாது என்பதே நம் விடை. இன்னுமொரு காரணமும் உண்டு. கருத்தரிக்க எண்ணுவோர் குறைந்தது இரண்டு மாதம் முன்னரே இம்மருந்தை நிறுத்துதல் வேண்டும். விவாகத்தை எதிர்நோக்கும் பெண்ணுக்கு இதைச் சின்னம்மா சொன்னாரோ அறியோம். ஊசியை விட்டபின் ஓராண்டில், இழந்த நிறையின் மூன்றிலிரண்டு பங்கு திரும்பியதையும் அதே ஆராய்ச்சியாளர் கண்டனர். மேலும், திறவாத ஊசி 2 முதல் 8 பாகை வரையிலான குளிரில் இருத்தல் வேண்டும். பிரயாணப் பையில் கட்டுநாயக்கா வந்து, பின் யாழ்ப்பாணம் வரை வெயிலில் புழுங்கிய மருந்தில் என்ன எஞ்சுமோ! கள்ளச்சரக்கும் உலாவுகின்றது, போலி செமாகுளூட்டைட் பற்றி 2024ல் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விடுத்தது.

ஆயின் நம்மை நிறுத்தியது கடிதத்தின் கடைசிப் பக்கம். பேச்சோடு பேச்சாக அத்தாயார் எழுதுகிறார்: "எனக்கு 66 கிலோ, 152 சென்ரிமீற்றர். சலரோகம் வந்து ஒன்பது வருஷம், பிறஷரும் உண்டு, முழங்கால் நோவால் கோயிலுக்கும் நடக்கிறதில்லை. வயது போனால் அப்படித்தானே. பிள்ளையின் காரியந்தான் எனக்குப் பெரிது."

அம்மையாரே, உங்கள் கணக்கைப் போட்டோம். 28.6. சலரோகமும் இரத்த அழுத்தமும் கூடவே இருக்கின்றன. வைத்தியர் இம்மருந்தைப் பற்றி யோசிக்கத் தக்கவர் இவ்வீட்டில் ஒருவர் உண்டென்றால் அவர் நீங்களே. நோயுள்ளவர் கேட்க நாணுகிறார்; நோயில்லாதவருக்கு மருந்து கடல் கடந்து வருகிறது! நம் வீடுகளில் இது புதிதன்று. அம்மா கடைசியாகச் சாப்பிடும் வழக்கந்தான் மருந்திலும் தொடர்கின்றது.

சலரோகமுள்ளோருக்கு நிறை சற்றுக் குறைவாகவே இறங்கும். பரிசோதனையில் நூற்றுக்குப் பத்துப் பங்களவு. முழங்காலுக்கு அதுவும் பெரிய உபகாரம். அடுத்த கிளினிக் நாளன்று வைத்தியரிடம் நீங்களாகவே வாய்திறந்து கேளுங்கள். குடும்பத்தில் எவருக்கேனும் தைரொயிட் புற்றுநோய் இருந்ததா, உங்களுக்குச் சதையி அழற்சி வந்ததுண்டா என்பவற்றை மறையாது சொல்லுங்கள். இன்சுலினோ கிளிபென்கிளமைட் போன்ற குளிசையோ பாவித்தால் அதன் அளவைக் குறைக்க நேரலாம். இல்லையேல் சீனி மிகத் தாழ்ந்து மயக்கம் வரும். கண்ணின் விழித்திரையையும் முன்னரே சோதித்தல் வேண்டும். ஓங்காளமும் மலச்சிக்கலும் ஆரம்பத்தில் சாதாரணம். விலை இலேசானதன்று, நெடுங்காலம் தொடரவேண்டிய மருந்தாகையால் அதையும் முன்கூட்டியே கேட்டறிக. வேண்டாமென வைத்தியர் சொன்னாலும் காரணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தாய்க்குச் சலரோகம் இருப்பதால், சுட்டி 22.3 ஆயினும் இடுப்பளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டுகிறதா என்று பார்த்து, இரத்தச் சீனியையும் ஒருமுறை சோதிப்பது நன்று. அதற்கிடையில் இராச் சாப்பாட்டை அவர் விடவேண்டியதில்லை. இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள்.