கோட்டையும் லயமும்

பசறையூடாகச் செல்லும் பெருவழி, லுணுகலை, பிபிலை, மகா ஓயா ஆகிய ஊர்களைக் கடந்து செங்கலடியை அடைகின்றது. அவ்வழியே அண்மையில் மட்டக்களப்புக்குச் சென்றிருந்தேன். புளியந்தீவின் வாவிக்கரையில் நிற்கும் பழங்கோட்டையைக் கண்டபோது உள்ளத்தில் எழுந்த வினாவொன்றை வாசகர் முன் வைக்க விரும்புகின்றேன்.

கண்டி அரசுக்குக் கடல்வழி இல்லாதொழிய வேண்டும் என்பதற்காகவே போர்த்துக்கேயர் 1628இல் இக்கோட்டையை எழுப்பினர். ஊவாவுக்கும் இக்கதையில் பங்குண்டு. 1630இல் பதுளையை எரித்துத் திரும்பிய அவர்தம் படை, வெல்லவாயவுக்கு அண்மையில் ரந்தெனிவெலவில் அழிந்தது; தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவும் அங்கேயே மாண்டான். 1638 மே மாதத்தில், இரண்டாம் இராசசிங்கனின் துணையாக வந்த ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். துணையாக வந்தோரே பின்னர் உரிமை கொண்டாடினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். பீரங்கிக்கு வேலை குறைந்தது. எழுதுகோலுக்கு வேலை பெருகிற்று. கோட்டை கச்சேரியாயிற்று. வாளால் ஆண்ட இடத்திலிருந்தே காகிதத்தால் ஆளும் வழக்கம் சுதந்திரத்தின் பின்னரும் தொடர்ந்தது. 2024இல் மாவட்டச் செயலகத்துக்குத் திராய்மடுவில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. இனிக் கோட்டை யாருக்கு, எதற்கு என்பதே இன்றைய வினா.

பாரசீகத்தின் ஷிராஸ் நகரில் கரீம் கான் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை, அரசமனையாக இருந்து, பின்னர் சிறையாகி, இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. ஆள்வோர் மாறுந்தோறும் கட்டடத்துக்குப் புதுப்பணி கிடைக்கின்றது. அப்பணியே அதனை இடியாமல் காக்கின்றது. ஆயின், அப்பணியைத் தீர்மானித்தவர் எக்காலத்தும் ஆள்வோரேயன்றி அயலில் வாழ்ந்த மக்களல்லர்.

மலையகத்தானாகிய எனக்கு இங்கே நம் லயங்கள் நினைவுக்கு வருகின்றன. கோப்பித் தோட்டக் கூலிகளை அடைத்துவைக்க எழுந்த வரிசை அறைகள் அவை. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. பயிர் மாறிற்று, முதலாளி மாறினான். லய அறையின் பணி மட்டும் மாறவில்லை. கோட்டைக்குத் தொல்பொருட் சட்டத்தின் காவல் உண்டு. லயத்தில் தலைமுறைகளாக வாழ்வோரில் பெரும்பாலோருக்கு அவ்வறைக்கான உறுதிதானும் இல்லை.

கோட்டையைக் காத்தல் வேண்டாமென நான் கூறவில்லை. அங்கே பீரங்கிகளோடு கச்சேரிக் காகிதங்களும் காட்சிக்கு வைக்கப்படல் வேண்டும். மக்களை ஆண்ட இரண்டாவது படைக்கலம் அதுவன்றோ? 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகிய நம்மவர்க்கு இது விளக்க வேண்டியதொன்றன்று. லயங்களைப் பொறுத்தவரை, வாழ்வோர்க்கு நிலமும் வீடும் உரிமையான பின்னர் ஒன்றிரண்டைச் சான்றாகக் காத்தால் போதும். மக்கள் குடியிருக்கும்வரை அவை வரலாற்றுச் சின்னங்களல்ல, தீராத வழக்குகள்.