மேக்புக்குக்குக் காசு உண்டு, மென்பொருளுக்கு இல்லையா?

"அண்ணே, இதுல ஜிடிஏ ஓடுமா?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இப்போது அடிக்கடி விழும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் கிருஷ்ணன்கோவில் பக்கம் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள். பொங்கலுக்கும் ஆடிப்பூரத்துக்கும் பெங்களூரிலிருந்து ஊருக்கு வரும் ஐடி பையன்களும் உண்டு. கையில் மேக்புக், மனசில் விண்டோஸுக்கு மட்டுமே வந்த விளையாட்டு.

எந்த விளையாட்டு என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். ஜிடிஏ 5-இன் கதைப் பகுதி ஓடும், ஆன்லைன் ஆட்டம் ஓடாது. வேலரண்ட் அறவே ஓடாது. கள்ள ஆட்டம் ஆடுபவர்களைப் பிடிக்க அது வைத்திருக்கும் வேன்கார்ட் என்ற காவல் மென்பொருள் விண்டோஸின் அடியாழம் வரை போய் உட்காருவது. மேக்கில் அதற்கு இடமில்லை. கவுன்டர் ஸ்ட்ரைக் ஒரு காலத்தில் மேக்கிலேயே நேராக ஓடியது. 2023-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது வால்வ் நிறுவனம் மேக்கைக் கைகழுவிவிட்டது. பழைய கணினிக்காரர்களையும் மேக்காரர்களையும் சேர்த்தால்கூட ஆடுபவர்களில் ஒரு விழுக்காடு தேறவில்லை என்றது. நானும் கடைக்காரன், அந்தக் கணக்கில் எனக்குக் குறை தெரியவில்லை.

2006-ல் ஆப்பிள் இன்டெல் சிப்புக்கு மாறியதும் பூட் கேம்ப் என்று ஒன்றைத் தந்தது. டிஸ்க்கைப் பிரித்து ஒரு பாதியில் விண்டோஸைப் போட்டுவிட்டால் மேக்கே விண்டோஸ் கம்ப்யூட்டர்தான். 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்த எம்1 சிப் வந்தது, அந்த வழி அடைபட்டது. பேரலல்ஸ் என்ற மென்பொருளை வாங்கி அதற்குள் விண்டோஸ் 11 போடலாம். ஆனால் டைரக்ட்எக்ஸ் 12 கேட்கும் புது விளையாட்டுகளுக்கு அது உதவாது. எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரில் விளையாட்டை ஓட்டி, இணையம் வழியே நம் திரைக்கு அனுப்பும் சேவைகளும் வந்துவிட்டன. மழைக்காலத்தில் எங்கள் தெருவில் நெட் இருக்கிற லட்சணத்துக்கு அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

மிச்சம் இருப்பது மூன்றடுக்கு மொழிபெயர்ப்பு. இன்டெல் சிப்புக்கு எழுதிய கட்டளைகளை ஆப்பிள் சிப்புக்கு மாற்றித் தருவது ரொசெட்டா 2. கோப்பைத் திற, சத்தத்தைப் போடு என்று விளையாட்டு விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் மேக்கிடம் வாங்கிக் கொடுப்பது வைன். படம் வரையச் சொல்லும் டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை மேக்கின் மெட்டலுக்கு மாற்றுவது டி3டிமெட்டல். நொடிக்கு முப்பது, அறுபது படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இத்தனையும் நடக்க வேண்டும். ஃபேன் இல்லாத மேக்புக் ஏர் சூடேறித் திணறுவதில் என்ன ஆச்சரியம்?

நடுவில் இருக்கிற வைனைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். லினக்ஸ்காரர்கள் 1993-ல் தொடங்கிய வேலை அது. 1.0 பதிப்பு வந்தது 2008-ல். என் அக்கா ராஜபாளையத்தில் ஒரு மில்லில் சைடராக இருந்தாள். ஷிப்ட் முழுக்க ஸ்பிண்டில் வரிசையில் நடந்துகொண்டே அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருப்பாள். பிணைத்து முடிப்பதற்குள் வேறொன்று அறும். வைன் வேலையும் அப்படித்தான். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் எங்காவது ஒன்று அறுகிறது, யாராவது பிணைக்க வேண்டும். அந்த ஆட்களில் பலருக்குச் சம்பளம் கொடுப்பது அமெரிக்காவின் கோட்வீவர்ஸ் என்ற சின்ன நிறுவனம். அதன் வருமானத்தில் முக்கியமானது, வைனைச் சுலபமாக ஓட்டித் தரும் கிராஸ்ஓவர் மென்பொருளின் விற்பனை. 2023 ஜூனில் ஆப்பிள் தடபுடலாக வெளியிட்ட கேம் போர்ட்டிங் டூல்கிட்டின் அடியில் இருந்ததும் அந்தக் கிராஸ்ஓவரின் மூல நிரல்தான். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அங்கிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

வைனை மேக்கில் ஓட்டித் தரும் விஸ்கி என்ற செயலியை ஒரு மாணவர் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். பார்க்க அழகு, போடுவதும் சுலபம். 2025-ல் அவரே அதை நிறுத்தினார். தன் செயலி வைனுக்கு எதையும் திருப்பித் தரவில்லை, கிராஸ்ஓவரின் பிழைப்பில் கைவைக்கிறது, அது படுத்தால் மேக்கில் வைனும் படுத்துவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். அந்தப் பிள்ளைக்கு ஒரு கும்பிடு.

நம் பக்கத்துக் கதை வேறு. "கிராஸ்ஓவர் கிராக் இருக்கா அண்ணே?" என்று கூசாமல் கேட்கிறார்கள். இந்த வட்டாரத்தில் டிசைன் மென்பொருள் முதல் கணக்கு மென்பொருள் வரை கிராக் போட்டே பழகிவிட்டோம், சொல்லிக் குற்றமில்லை. படிக்கிற பிள்ளை காசுக்கு எங்கே போவான் என்று எனக்கே சில பெற்றோர் பாடம் எடுக்கிறார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளையிடம் இருப்பது அரசு கொடுத்த விண்டோஸ் லேப்டாப். அவனுக்கு இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. கிராஸ்ஓவர் தேவைப்படுவதே ஆப்பிள் வாங்கியவனுக்குத்தான். இஎம்ஐ போட்டு மேக்புக் வாங்கத் தெரிந்தவனுக்கு மென்பொருளுக்குக் காசு கட்ட மட்டும் வறுமை வந்துவிடுகிறதாம். அண்ணன் கழித்துப்போட்ட பழைய எம்1 கையில் வந்தவன் என்றால், சரி, வைன் இலவசம்தான். டெர்மினலில் மல்லுக்கட்டப் பொறுமை இருந்தால் அவனே போட்டுக்கொள்ளலாம், நானும் சொல்லித்தருவேன். திருட வேண்டியதில்லை.

இதற்கு நடுவே, ரொசெட்டாவை மேக்ஓஎஸ் 27 வரைதான் முழுதாக வைத்திருப்போம் என்று 2025 ஜூனில் ஆப்பிள் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு பழைய விளையாட்டுகள் சிலவற்றுக்காக ஒரு பகுதி மட்டும் இருக்குமாம். சைபர்பங்க் 2077, பால்டர்ஸ் கேட் 3 மாதிரி மேக்குக்கென்றே வந்தவை பிழைத்துக்கொள்ளும். மற்றவற்றுக்கு அடியடுக்கே ஆட்டம் காண்கிறது. அந்த இழையையும் யாரோதான் உட்கார்ந்து பிணைக்க வேண்டும், சம்பளம் வாங்கிக்கொண்டு.

என் கடையில் கிராக் போடுவதில்லை. கிராஸ்ஓவரை 14 நாள் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம், அதைப் போட்டுத் தருகிறேன். உன் விளையாட்டு ஓடினால் கார்டை எடு, தம்பி. ஓடாவிட்டால் தங்கச்சிக்கு அரசு கொடுத்த லேப்டாப்பைக் கேட்டுப் பார். பழைய ஜிடிஏ வைஸ் சிட்டி அதில் அருமையாக ஓடும்.