பொட்டு வைத்தால் போதுமா?

ஆயுத பூஜையன்று நம் ஆபீசுகளில் கம்ப்யூட்டருக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். மறுநாளிலிருந்து அடுத்த பூஜை வரை துடைக்க ஆளில்லை. பூஜையை நான் குறை சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் மரியாதை என்பதைத்தான் சொல்கிறேன்.

நான் இருந்த ஆபீசில், யு.பி.எஸ். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது யார் வேலை என்று இரண்டு செக்‌ஷன்களுக்கு இடையே ஃபைல் ஓடியது. முடிவு வருவதற்குள் பேட்டரி செத்தது. தண்ணீர் வாங்க இல்லாத பணம், புது பேட்டரி வாங்க மட்டும் வந்தது!

“ஆள் இல்லை, நிதி இல்லை” என்பார்கள். தூசி துடைக்க என்ன நிதி? மெஷினை ஓட்டுபவரே துடைத்து, எண்ணெய் விட்டு, தளர்ந்த திருகை முடுக்கும் முறையை ஜப்பானின் நிப்பான்டென்சோ கம்பெனி 1971-லேயே நடத்திக் காட்டியது. நம்மவர்களுக்கு வராது என்பதும் பொய். சென்னை சுந்தரம் கிளேட்டன் 1998-ல் தர நிர்வாகத்துக்கான டெமிங் பரிசையே வாங்கியது.

பிரெஞ்சில் பராமரிப்புக்கு ‘ஆந்த்ரத்தியேன்’ என்று பெயர். உரையாடலுக்கும் அதே சொல்தான். மெஷினில் புதுச் சத்தம் வந்தால் முதலில் கேட்பது அதை ஓட்டுபவர் காது. அவர் வந்து சொன்னால் “உன் வேலையைப் பார்” என்கிறோமே, கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு நோட்டு தொங்கட்டும்: யார், எந்தத் தேதியில், என்ன செய்தார் என்று. லிஃப்ட் நின்றால் முழங்கால் வலியோடு மாடி ஏறுவது, உயிர்வாழ் சான்று கொடுக்கப் போகும் நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள்தான். அந்த நோட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.