சிவப்புக் குறியை முறைச்சுப் பாருங்க!



உங்க வீட்டு கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல வலது பக்கம் கீழே, கடிகாரத்துக்குப் பக்கத்துல, குட்டிக் குட்டி ஐகான்கள் வரிசையா இருக்கே... அதுல ஒண்ணு சிவப்புக் குறியோட உங்களை முறைச்சுக்கிட்டு இருக்கா? ‘பேக்கப் சாஃப்ட்வேர் அப்டேட் ஆகவில்லை’ன்னு தினமும் ஒரு பெட்டி எட்டிப் பார்க்குதா? நீங்களும் ‘அப்புறம் பார்க்கலாம்’னு ஒரு க்ளிக் பண்ணிட்டு பாட்டு கேட்கப் போயிடறீங்களா? அப்படின்னா இந்த வாரம் முழுக்க உங்களுக்குத்தான்.

பீர்க்கன்கரணையில எங்க பக்கத்துத் தெரு தம்பி ஒருத்தர். ஃபைனல் இயர். ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு போன். “அண்ணே, ஹார்ட் டிஸ்க்ல டக் டக்னு சத்தம் வருது. எதுவும் ஓப்பன் ஆகலை. வியாழக்கிழமை வைவா!”

“பேக்கப் இருக்குல்ல?”

“இருக்குண்ணே. அதெல்லாம் தானா எடுத்துக்கும்.”

அந்த வீட்டுக்கு பேக்கப்போட அருமை நல்லாவே தெரியும். 2015 டிசம்பர் 1 அன்னிக்கு ஆரம்பிச்ச மழையில 24 மணி நேரத்துல தாம்பரத்துல மட்டும் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்துச்சே, ஞாபகம் இருக்கா? முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீடுகள் முங்கின நாள். அன்னிக்கு தம்பி வீட்டுல தரையில இருந்த சி.பி.யூ.வும், பக்கத்துலயே வெச்சிருந்த பேக்கப் டிஸ்கும் ஜோடியா தண்ணிக்குள்ள போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் நெட்ல காப்பி எடுத்து வைக்கிற சாஃப்ட்வேர் போட்டாங்க. சரியான முடிவுதான்.

ஆனா வேற கம்ப்யூட்டர்லேர்ந்து அந்த அக்கவுன்ட்டைத் திறந்து பார்த்தா, கடைசி பேக்கப் ஏழு வாரத்துக்கு முந்தினது! அன்னிலேர்ந்து சாஃப்ட்வேர் ‘அப்டேட் பண்ணு’ன்னு கெஞ்சிக்கிட்டே இருந்திருக்கு. அப்டேட் ஃபெயில். பழைய வெர்ஷனை சர்வர் ஏத்துக்கலை. பேக்கப் நின்னு போச்சு. தம்பி தினமும் ‘அப்புறம் பார்க்கலாம்’.

புராஜெக்ட் ரிப்போர்ட்டை கைடுக்கு மெயில்ல அனுப்பியிருந்ததால அது பிழைச்சுது. கோடிங்கை மூணு ராத்திரி தூங்காம திரும்ப எழுதினார். ஆனா அந்த ஏழு வாரத்துக்குள்ளதான் தாத்தாவுக்கு சதாபிஷேகம் நடந்திருந்தது. போட்டோ எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, மெமரி கார்டை அழிச்சாச்சு. “எல்லாம் இருக்குன்னுதானேடா சொன்னே?”ன்னு அம்மா கேட்டதுக்கு தம்பிகிட்ட பதில் இல்லை.

புது டிஸ்க் போடறப்ப காரணத்தைக் கண்டுபிடிச்சோம். மதர்போர்டுல காசு சைஸ்ல ஒரு பேட்டரி இருக்கும், பேரு சி.ஆர்.2032. அது செத்துப் போச்சு. கரன்ட் போய் வந்தா கம்ப்யூட்டர் தேதி பல வருஷம் பின்னாடி போயிடும். அதுக்கும் அப்டேட்டுக்கும் என்ன சம்பந்தம்? நெட்ல பத்திரமான சர்வர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் உண்டு. நம்ம பஸ் பாஸ் மாதிரி, இந்தத் தேதியிலேர்ந்து இந்தத் தேதி வரைக்கும்தான் செல்லும். உங்க கம்ப்யூட்டர் பழைய வருஷத்துலயே உட்கார்ந்திருந்தா, ‘இந்த பாஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே’ன்னு கதவைச் சாத்திடும். தம்பி நெட் பார்க்கறதெல்லாம் செல்போன்ல. அதனால கண்டுபிடிக்கவே இல்லை. ஒரு சின்ன பேட்டரி, ஏழு வாரத்தை முழுங்கிடுச்சு.

சரி, உங்களுக்கு இந்தப் பெட்டி வந்தா என்ன பண்ணணும்?

1. அப்டேட்டை விடுங்க, முதல்ல ஃபைலைக் காப்பாத்துங்க. புராஜெக்ட், போட்டோ, மார்க் ஷீட் ஸ்கேன் எல்லாத்தையும் கையாலேயே பென் டிரைவ்லயோ வெளி ஹார்ட் டிஸ்க்லயோ காப்பி பண்ணுங்க. ரிப்பேர் அதுக்கப்புறம்தான்.

2. கடைசியா வெற்றிகரமா பேக்கப் ஆன தேதியைப் பாருங்க. எரர் நம்பரை எழுதி வெச்சுக்கோங்க. 1618-னா வேற ஏதோ இன்ஸ்டாலேஷன் ஓடிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். அது முடியட்டும், இல்லைன்னா ஒரு தடவை ரீஸ்டார்ட். 1603-ங்கறது பொதுவான ‘முடியலை’. அதுக்கு கீழே இருக்கறதை ஒவ்வொண்ணா பாருங்க.

3. தேதி, நேரம், வருஷம் மூணும் சரியா? அடிக்கடி மாறினா பேட்டரியை மாத்துங்க.

4. சி டிரைவ்ல இடம் இருக்கா? அப்டேட் முதல்ல அங்கேதான் தன்னைப் பிரிச்சு வைக்கும். குப்பைத்தொட்டியையும் டெம்ப்ரரி ஃபைல்களையும் காலி பண்ணுங்க.

5. ஆன்டிவைரஸ் தடுக்குதா? அதை ஒரேயடியா அணைக்காதீங்க. பேக்கப் சாஃப்ட்வேருக்கு மட்டும் அனுமதி கொடுங்க.

6. உங்க விண்டோஸுக்கு வயசாயிடுச்சா? விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலயும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர்லயும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான சப்போர்ட்டை நிறுத்தியாச்சு. புது வெர்ஷன் பழைய விண்டோஸ்ல ஏற மறுக்கலாம்.

7. எதுவும் சரிப்படலைன்னா, அன்-இன்ஸ்டால் பண்ணிட்டு, அந்தக் கம்பெனியோட சொந்த சைட்லேர்ந்து புதுசா இறக்குங்க. உஷார்! பாஸ்வேர்டை முன்னாடியே எழுதி வெச்சுக்கோங்க. ‘பழைய பேக்கப்பையும் அழிக்கவா?’ன்னு கேட்டா, மாட்டவே மாட்டேன்னு சொல்லுங்க.

8. கடைசியா ஒரு டெஸ்ட். பேக்கப்லேர்ந்து ஒரு ஃபைலை வேற ஃபோல்டருக்கு ரெஸ்டோர் பண்ணி திறந்து பாருங்க. திறந்தாத்தான் அது பேக்கப்.

‘இதெல்லாம் நம்மளை மாதிரி ஆளுங்களுக்குத்தான் நடக்கும்’னு நினைக்காதீங்க. உலகம் முழுக்க புரோகிராமர்கள் தங்களோட கோடை சேமிச்சு வைக்கிற கிட்லேப் கம்பெனியில 2017 ஜனவரி 31 ராத்திரி நடந்ததைக் கேளுங்க. ஒரு இன்ஜினீயர் தப்பான சர்வர்ல டெலிட் கமாண்ட் கொடுத்துட்டார். நிறுத்தறதுக்குள்ள ஏறக்குறைய 300 ஜி.பி. காலி. சரி, பேக்கப்பை எடுன்னாங்க. பேக்கப் இல்லை! டேட்டாபேஸை 9.6-க்கு மாத்தியிருந்தாங்க. பேக்கப் எடுக்கற டூல் மட்டும் 9.2 வெர்ஷன்லயே ஓடியிருக்கு. ரெண்டுக்கும் ஒத்துப் போகாம பேக்கப் ஃபெயில். அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மெயிலும் ரிஜெக்ட் ஆகி, யாருக்குமே போய்ச் சேரலை. யாரோ ஒரு இன்ஜினீயர் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி வேற வேலைக்காக எடுத்து வெச்சிருந்த காப்பிதான் மானத்தைக் காப்பாத்துச்சு. நடந்ததையெல்லாம் மறைக்காம அவங்களே உலகத்துக்குச் சொன்னாங்க. அதுக்கு ஒரு சல்யூட்!

அவங்களுக்கு எச்சரிக்கை வந்தே சேரலை. நமக்கு தினமும் ஸ்கிரீன்லயே வருது. நாமதான் மூடிட்டுப் போறோம்.

அதனால, முக்கியமான ஃபைல் எதுவா இருந்தாலும் மூணு காப்பி. ரெண்டு வேற வேற சாதனத்துல. ஒண்ணு வீட்டுக்கு வெளியே. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் ஒதுக்கி, ஒரு ஃபைலை ரெஸ்டோர் பண்ணிப் பாருங்க. மழைக்காலம்னா சி.பி.யூ.வை தரையிலேர்ந்து மேசைக்கு ஏத்திடுங்க.

தம்பி வைவாவுல பாஸ். புது வேலைக்கும் போயாச்சு. இப்போ சொந்தக்காரங்க ஒவ்வொருத்தர் செல்போனா தேடி, தாத்தா போட்டோக்களைச் சேர்த்துக்கிட்டிருக்கார். இதுவரைக்கும் பதினொண்ணு கிடைச்சிருக்கு.

உங்க ஸ்கிரீன்ல அந்தச் சிவப்புக் குறி இருக்கா? இந்தப் பக்கத்தை மூடிட்டு முதல் வேலையா அதைப் பாருங்க. அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!